ஜாரின் வீழ்ச்சியும் பாரதியாரின் கணிப்பும்

சென்ற ஆண்டு தருமபுரியில் நடைபெற்ற ஓர் இலக்கியக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். பாரதியாரின் 'புதிய ருஷியா' என்னும் பாடலைப் பற்றி இருவர் பேசினர். முன்னவர் பாரதியாரைப் பொதுவுடைமைக் கவிஞராகவே ஆக்கிவிட்டு அமர்ந்தார். பின்னவரோ, ஒரு பேரரசு சாய்ந்ததற்குப் பராசக்தியின் பார்வையே காரணம் என்று பாடியவருக்குப் புரட்சியின் காரணங்கள் எங்ஙனம் விளங்கியிருக்கும் என்று வினவினார். அவையோர் இருவருக்கும் கைதட்டினர். நமக்கோ இருவர் கூற்றும் பொருந்துவனவாகத் தோன்றவில்லை. வீடு திரும்பியபின் பாடலை மீண்டும் எடுத்துப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

முன்னவர் கூற்றுக்கு விடை கூற நெடுநேரம் வேண்டுவதில்லை. பாடலின் துணைத்தலைப்பே 'ஜார் சக்கரவர்த்தியின் வீழ்ச்சி' என்பதாகும். இரண்டாம் நிக்கலஸ் முடி துறந்தது 1917 மார்ச் 15ஆம் நாள்; லெனின் கட்சியினர் ஆட்சியைக் கைப்பற்றியது அவ்வாண்டு நவம்பரில். கவிஞர் வாழ்த்துவது முடியாட்சியின் முடிவை. லெனினுடைய வன்முறை வழி தமக்கு உடன்பாடன்று என்பதை அவரே பின்னாளில் 'செல்வம்' பற்றிய கட்டுரையில் தெளிவாக எழுதியுள்ளார்.

பின்னவர் கூற்றே ஆராயத்தக்கது. பாடல் தேவியின் அருளில் தொடங்குவது உண்மை. ஜார் மன்னனை இரணியனுக்கு ஒப்பிடுவதும் உண்மை. ஆனால் அவ்விரண்டிற்கும் பின்னர், கவிஞர் புராணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு நாட்டின் நிலையைக் கூறும் பகுதி ஒன்று உண்டு. உழைத்து விளைவிப்பவன் உண்ண வழியின்றி இருப்பதை முதலில் வைக்கிறார். நோயை அடுத்து வைக்கிறார். பொய்யர் செழிப்பதும், மெய்யுரைப்போர் சிறைக்கும் தூக்குமரத்திற்கும் சைபீரியாவுக்கும் அனுப்பப்படுவதும் அதன்பின் வருகின்றன. இந்த வரிசை தற்செயலாக அமைந்ததன்று என்பது நம் கருத்து.

வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1861இல் ருஷியப் பண்ணையடிமைகள் விடுதலை பெற்றனர். ஆனால் பெற்ற நிலத்திற்கு 49 ஆண்டுகள் தவணை கட்டுமாறு விதிக்கப்பட்டனர். அந்நிலமும் பெருகிய குடும்பங்களுக்குப் போதவில்லை. 1891-92இல் கொடும்பஞ்சம் வந்தது. மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். அப்போது அரியணை ஆடவில்லை! ஆகவே, பசி மட்டுமே ஒரு முடியாட்சியைக் கவிழ்த்துவிடுவதில்லை. பசித்தவன் மன்னனிடம் முறையிடலாம் என்று நம்பியிருக்கும் வரையில் அரியணைக்கு ஆபத்தில்லை.

அந்த நம்பிக்கை செத்த நாள் 1905 ஜனவரி 22. கபோன் என்னும் பாதிரியாரின் தலைமையில் பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள் மனைவி மக்களுடன், மன்னனின் படத்தையும் ஏந்திக்கொண்டு, மனுக் கொடுக்க அரண்மனை நோக்கி நடந்தனர். மனுவை வாங்க மன்னன் அங்கில்லை; துப்பாக்கிகள் இருந்தன. அவ்வாண்டு முழுவதும் நாடு கொந்தளித்தது. டூமா என்னும் மன்றம் அமைப்பதாக அக்டோபரில் அரசன் வாக்களித்தான். தனக்கு இசையாதபோது அதனைக் கலைத்தான். 1907இல் வாக்குரிமையையும் சுருக்கினான். 1917 மார்ச்சில் தலைநகர் கிளர்ந்தெழுந்தபோது டூமாவின் தலைவர் ரொட்சியாங்கோ போர்முனைத் தலைமையகத்திலிருந்த மன்னனுக்குத் தந்திமேல் தந்தி அடித்தார். மன்னன் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. மெய் சொல்பவன் தண்டனை பெறும் நாட்டில், இறுதியில் மெய்யை அறியாமற் போகிறவன் மன்னனே. பாரதியார் பசிக்கும் சிறைக்கும் நடுவே பொய்யரின் செழிப்பை வைத்தது இதனாற்றான்.

இதனை அவர் நூல்களிற் படித்து அறிந்தவரல்லர். நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23ஆம் நாள் கண்மூடிய சுப்பிரமணிய சிவாவை ஈண்டு நினைவுகூர வேண்டும். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்ட நாட்களில், ருஷியப் புரட்சி அந்நாட்டு மக்களுக்கு நன்மையே செய்தது என்று அவர் மேடையிற் பேசினார். அவர் குறித்தது 1905ஆம் ஆண்டுப் புரட்சியை. மார்ச் 12இல் வ.உ.சி.யுடன் கைதானார். பத்தாண்டுத் தீவாந்தர தண்டனை மேல்முறையீட்டில் ஆறாண்டாயிற்று. 1912இல் வெளிவந்தபோது உடலில் தொழுநோயும் உடன் வந்தது. அதன்பின் அவர் நடத்திய 'ஞானபாநு' இதழில் பாரதியார் எழுதினார். வாய் திறந்தால் சிறை என்று கவிஞர் ருஷியாவைப் பற்றிப் பாடும்போது, புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த தம் நிலையும் நண்பரின் சிதைந்த உடலும் அவர் கண்முன் நின்றிருக்க வேண்டும். பாடலில் மிக வலிமையுள்ள பகுதி இதுவாக இருப்பதில் வியப்பில்லை.

குறைகளையும் கூறத்தான் வேண்டும். இரணியன் உவமை கேட்க இனிது. ஆனால் தவறான முடிவுக்கு இட்டுச் செல்கிறது. தீமை முழுவதும் ஒருவனிடத்தே இருந்தால் அவன் வீழ்ந்ததும் நல்லுகம் பிறந்துவிட வேண்டும். பாடலும் அவ்வாறே முடிகிறது. நடந்தது வேறு. ஜாருக்குப்பின் வந்த தற்காலிக அரசு போரையும் நிறுத்தவில்லை. உழவர்க்கு நிலத்தையும் வழங்கவில்லை. எனவே எட்டே மாதங்களில் அதுவும் வீழ்ந்தது.

போர் என்னும் காரணம் பாடலில் இல்லவே இல்லை. 1914 முதல் இலட்சோப இலட்சம் உழவர் போர்முனைக்கு இழுக்கப்பட்டதும், தானியம் தலைநகரை எட்டாமற்போனதும், 1915இல் மன்னனே படைத்தலைமையை ஏற்றுத் தோல்விகளுக்கெல்லாம் தானே பொறுப்பாளியானதும் விடுபட்டன. அவ்வாறே பெண்களும் விடுபட்டனர். 1917 மார்ச் 8இல் ரொட்டிக்காக வரிசையில் நின்று சலித்த நெசவாலைப் பெண்களே முதலில் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தனர். நான்கு நாட்களில் சிப்பாய்களும் அவர்கள் பக்கம் சேர்ந்தனர். புரட்சியைத் தாயின் செயலாகக் கண்ட கவிஞர், அந்தத் தாய்மாரைக் காணவில்லை.

நம் இதழின் வாசகர்கள் கேட்கக்கூடிய வினா ஒன்றும் இருக்கிறது. ஜாரின் குடிகளில் முஸ்லிம்கள் பெருந்தொகையினர் ஆயிற்றே, அவர்கள் எங்கே? துருக்கிஸ்தானத்து மக்களுக்கு டூமாவில் இருந்த இடங்களை 1907ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. அவர்தம் வயல்கள் ஆலைகளுக்கான பருத்தி வயல்களாயின. உணவுக்கு வெளியிலிருந்து வரும் தானியத்தை நம்பியிருந்தனர். போரில் அதன் விலை ஏறிற்று. அந்நிலையில் 1916 கோடையில், 19 முதல் 43 வயது வரையுள்ள ஆடவர் போர்முனைக்குப் பின்னால் கூலிவேலை செய்ய வர வேண்டும் என்று ஆணை பிறந்தது. குஜந்து நகரில் ஜூலையில் கூட்டம் திரண்டது, காவலர் சுட்டனர். ஜிஸாக், செமிரேச்சியே எனக் கிளர்ச்சி பரவிற்று. கிர்கிஸ் குடும்பங்கள் பனிமலைகளைக் கடந்து சீனத்திற்கு ஓடின. வழியிலேயே மாண்டோர் பல்லாயிரவர். கெரென்ஸ்கி நேரிற் சென்று விசாரித்து வந்து டூமாவில் இதனை எடுத்துரைத்தார். தலைநகரம் எழுவதற்கு எட்டு மாதங்கட்கு முன்னரே எழுந்தவர்கள் இவர்கள்.

பாரதியாரின் ருஷியாவில் சைபீரியா உண்டு, துருக்கிஸ்தானம் இல்லை. அன்று நம்நாட்டிற்கு ருஷியச் செய்தி பெரும்பாலும் ஆங்கிலப் பத்திரிகைகளின் வழியே வந்தது. ருஷியா ஆங்கிலேயரின் நேசநாடாகவும் இருந்தது. ஆதலின் குற்றம் கவிஞருடையதன்று. ஆயினும், ஏன் என்று கேட்டவர்க்கு நேர்ந்த கதியைச் சொல்லும் அப்பகுதியை இன்று நாம் படிக்கும்போது, பாப்பாரப்பட்டியில் அடங்கிய சிவாவின் முகத்தோடு குஜந்து நகரத்து முகங்களும் நம் நினைவுக்கு வருகின்றன.