சாயப்பட்டறைக்குப் போன துணியும் பிபிஎம்என் படமும்

உடுமலைக்கும் பழனிக்கும் நடுவே கிடக்கும் மடத்துக்குளத்தில் நூல் மில் உண்டு, காகித ஆலை உண்டு, திருப்பூருக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டுகளும் உண்டு. உடுமலையில் பி.காமோ கணினியோ படித்துவிட்டு இவற்றில் ஒன்றின் ஆபீஸில் சேரும் பிள்ளை, கணக்கெழுதும் டேலி மென்பொருளுக்கு மேல் இன்னொன்றைப் படிக்க நினைத்தால், ஒர்க்ஃப்ளோ மென்பொருளைப் படிக்கலாமா?

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். ஒர்க்ஃப்ளோ என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்பனையில் இருக்கிறது. ஒன்று, வேலை நடக்கும் வழியைப் படமாக வரைந்து, அந்தப் படத்தையே ஓட வைப்பது. இதற்கான குறியீட்டு முறைதான் பிபிஎம்என். ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் அதன் 2.0 பதிப்பை 2011 ஜனவரியில் வெளியிட்டது. 2013-இல் அது ஐஎஸ்ஓ 19510 என்ற பன்னாட்டுத் தரநிலையும் ஆனது. 2010-இல் வந்த ஆக்டிவிட்டி, அதிலிருந்து 2013-இல் பிரிந்த கமுண்டா, 2016-இல் பிரிந்த ஃப்ளோவபிள் எல்லாம் இந்தப் படத்தை ஓட்டும் இயந்திரங்கள். இன்னொன்று, மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் தரும் இஆர்பிநெக்ஸ்ட் போன்றவற்றில் இருப்பது. அதில் பிபிஎம்என் படம் கிடையாது. ஒரு பில்லோ ஆர்டரோ 'வரைவு', 'சரிபார்ப்பில்', 'ஒப்புதல்' என்று நிலை மாறும்; எந்த நிலையை யார் மாற்றலாம் என்று அட்டவணையில் எழுதி வைப்போம், அவ்வளவுதான். முன்னதற்கு அழகு அதிகம். பின்னதற்கு வேலை குறைவு.

படம் வரைவதன் பலனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். லேப் டிப் எனும் சாய மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். சாயப்பட்டறை ஒரு நிறத்துக்கு மூன்று நான்கு ஷேடு போட்டு அனுப்புகிறது, பையர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். தேர்ந்தது எது என்று பட்டறைக்குச் சொல்ல வேண்டியவர் மெர்ச்சண்டைசரா, ஃபேப்ரிக் பார்ப்பவரா? பல கம்பெனிகளில் இதற்குப் பதில் ஒருவரின் தலைக்குள் மட்டும் இருக்கும். அவர் சம்பளம் போதாமல் வேறு கம்பெனிக்குப் போகும் அன்றைக்குத்தான் முதலாளிக்கு அது தெரியவரும். பிபிஎம்என்னில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை ஒதுக்கி வரைந்தால், வேலையை யாராவது ஒருவர் பட்டையில் வைத்தே ஆக வேண்டும். நடுவில் மிதக்க விட வழியில்லை. இந்த ஒரு கட்டாயத்துக்காகவே அதைக் கற்கலாம்.

எவ்வளவு கற்பது? பிபிஎம்என் 2.0-இல் நூற்றுக்கும் மேற்பட்ட குறிகள் இருக்கின்றன. அதற்கு முந்தைய பதிப்பு புழக்கத்தில் இருந்தபோது, 2008-இல், மைக்கேல் சூர் ம்யூலன், யான் ரெக்கர் இருவரும் நடைமுறையில் வரையப்பட்ட 120 படங்களை ஆராய்ந்தார்கள். ஒரு படத்தில் சராசரியாக 9 வகைக் குறிகள்தான் புழங்கின. ஆகவே நூறையும் மனப்பாடம் செய்யச் சொல்லும் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம்.

கற்பிக்கும் விதத்தில்தான் எனக்குப் பெரிய குறை. பாடங்கள் பெரும்பாலும் லீவ் விண்ணப்பத்தில் தொடங்குகின்றன: ஊழியர் கேட்கிறார், மேலாளர் ஒப்புகிறார் அல்லது மறுக்கிறார். எல்லோரும் ஒரே கம்பெனி, கையில் ஒரே காகிதம், முடிவு இரண்டில் ஒன்று. பனியன் தொழில் அப்படியா நடக்கிறது? தரநிலையை வகுத்த அமைப்பே 2010-இல் வெளியிட்ட எடுத்துக்காட்டுத் தொகுப்பில் ஒரு பீட்சா படம் இருக்கிறது. பசித்தவர் ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். பீட்சா வந்தால் ஒரு வழி. 60 நிமிடம் கடந்தும் வராவிட்டால் கடைக்குக் கேட்டு அனுப்பும் வழி வேறு. கடைக்காரர் பட்டையில் 'வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்து' என்றே ஒரு வேலை உண்டு. சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பிவிட்டு மெர்ச்சண்டைசர் போன் மேல் போன் போடுவது அச்சு அசலாக இதுதான். இரண்டு தனி நிறுவனங்கள். ஒன்றின் உள்ளே நடப்பது மற்றதற்குத் தெரியாது. நடுவே செய்தியும் கெடுவும் மட்டும். பாடத்தை இங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

ஆனால் பீட்சா முழுசாக வரும். துணி அப்படி வராது. ஒரு கணக்குக்கு 500 கிலோ கிரே துணி, அதாவது சாயமேறாத துணி, என்று வையுங்கள். நிட்டிங்காரர் அதைக் கம்பெனிக்குக்கூடக் கொண்டுவராமல் நேரே பட்டறைக்கு அனுப்பிவிடுவார். கம்பெனிக்கு வருவது டிசி எனும் டெலிவரி சலான் மட்டும். பட்டறையிலிருந்து ஒரு நாள் 190 கிலோ, மறுநாள் 200, பிறகு 70. மீதி 40 கிலோ பிராசஸ் லாஸ், அதாவது சாயமேற்றும்போது குறைந்த எடை. பேசி வைத்த லாஸுக்குள் அது அடங்குமா என்பது ஒரு வாக்குவாதம். கடைசி 70 கிலோவில் ஷேடு அடித்து நிறம் மாறியிருந்தால் அது ரீபிராசஸுக்குத் திரும்பப் போகும். முதல் 190 அதற்குள் கட்டிங் மேசை ஏறியிருக்கும். இது போதாதென்று, ஒரே நிறம் என்பதால் இரண்டு ஆர்டர் துணியைப் பட்டறை ஒரே லாட்டாகப் போட்டிருக்கலாம்.

இப்போது படத்தை ஓட்டும் இயந்திரத்திடம் கேளுங்கள்: நீ பின்தொடர்வது எதை? ஆர்டரை என்றால், அது மூன்று லோடாக உடைந்துவிட்டது. லாட்டை என்றால், அதற்குள் இரண்டு ஆர்டர் கலந்து கிடக்கிறது. ஒரு கதை ஒரு தொடக்கத்திலிருந்து ஒரு முடிவுக்குப் போகும் என்ற அனுமானத்தின் மேல் கட்டப்பட்டது இந்த இயந்திரம். ஒன்று பலவாகப் பிரிவதை அது சமாளிக்கும்; பிரிந்ததும் கலந்ததும் மாறி மாறி வரும்போது திணறும். விற்பனைக்கு வருபவர்கள் இதைச் சொல்வதில்லை. என் கணிப்பில், இப்படி வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் ஜாப் ஒர்க் சங்கிலியில் பின்தொடர வேண்டிய ஒரே பொருள் டிசி. சட்டமும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது: மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆவது பிரிவின்படி ஜாப் ஒர்க்குக்குப் போன துணி போன்ற சரக்கு 1 ஆண்டுக்குள் கணக்குக்கு வர வேண்டும். அந்தச் சரக்குக்குக் கணக்குக் காட்டும் ஐடிசி-04 படிவத்தை, ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் இருந்தால் அரையாண்டுக்கு ஒருமுறையும், மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையும் தர வேண்டும். அதன் அடிப்படையும் டிசிதான்.

பட்டறைக்காரரையும் உள்நுழைந்து பதியச் சொல்லலாமே என்பார்கள். அவர் பல கம்பெனிகளுக்கு வேலை செய்கிறவர். ஒவ்வொருவர் மென்பொருளிலும் நுழைந்துகொண்டிருக்க மாட்டார். கிருஷ்ணாபுரம் அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய விவசாயியிடம் யாரும் பாஸ்வேர்டு கேட்கவில்லை. வெட்டு உத்தரவும் எடைச்சீட்டும் அவருக்கும் ஆலைக்கும் நடுவே பேசின. வெளியாளுக்கு அப்படியொரு சீட்டு போதும்.

'தொழில் மாறினால் படத்தை மாற்றினால் போதும்' என்பது இன்னொரு வாக்குறுதி. 2011 ஜனவரி 28 அன்று, நொய்யல் ஆற்று மாசு வழக்கில், திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. துணி வெளியூர்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போக வேண்டியதாயிற்று. அப்படியொரு நாளில் புதுப் படம் வரையச் சில மணி நேரம் போதும், உண்மைதான். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்கள் பழைய படத்திலேயே ஓடும். அவற்றைப் புதியதற்கு மாற்றுவது தனி வேலை, அதற்குப் பெரும்பாலும் நிரலாளர் வேண்டும்.

அப்படியானால் ஒர்க்ஃப்ளோ எங்கே சோறு போடும்? கம்பெனிக்கு உள்ளே. ஜாப் ஒர்க் பில் பாஸ் செய்வதைப் பாருங்கள். டிசி எடை, வந்த எடை, லாஸ், பேசிய ரேட் எல்லாம் ஒத்துப்போனால்தான் பணம். 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சிறு தொழில்களுக்குப் பணம் தர அதிகபட்சம் 45 நாள் கெடு வைத்தது. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43-பி (எச்) பிரிவைச் சேர்த்த பிறகு, கெடு தாண்டிய செலவை, பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்க முடியும் என்றானது. பில் யார் மேசையில் எத்தனை நாளாகத் தூங்குகிறது என்று தெரிவது இப்போது வரிப் பணம். இதற்கு இஆர்பிநெக்ஸ்டின் நிலை அட்டவணை தாராளம். கமுண்டா தேவையில்லை. அதன் எட்டாம் தலைமுறையில், 8.6 பதிப்பு முதல், உற்பத்தியில் ஓட்ட உரிமக் கட்டணமும் உண்டு.

என் தீர்ப்பு இது. படம் வரையக் கற்பது மடத்துக்குளத்து யூனிட்டுக்கும் பயன்தரும். ஒன்பது பத்துக் குறிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். உள்ளே நடக்கும் ஒப்புதல்களுக்கு நிலை அட்டவணை வகை மென்பொருள் போதும், அதையும் பில் பாஸிலிருந்து தொடங்குங்கள். படத்தையே ஓட்டும் இயந்திரம், சொந்த நிரலாளர் வைத்திருக்கும் பெரிய எக்ஸ்போர்ட்டருக்கு மட்டும். சின்ன யூனிட்டுக்கு அது வீண் செலவு. கற்கப் போகிறவருக்கு ஒரு வேண்டுகோள்: லீவ் விண்ணப்பத்தை விட்டுவிட்டு, ஷேடு அடித்துத் திரும்பிப் போன அந்த 70 கிலோவை முதல் படமாக வரையுங்கள்.