பின்சீட்டில் நண்பன், அவனுக்கும் பின்னால் டென்ட்

"எத்தன பேர் போறீங்க?" என்பதுதான் கராஜில் பாஸ் கேட்ட முதல் கேள்வி. ரெண்டு பேர், ஒரு டென்ட், ஒரு கேஸ் அடுப்பு என்றேன். எஞ்சினை அவர் எட்டியும் பார்க்கவில்லை. குந்தியிருந்து பின் ஷொக் இரண்டையும் திருகிக் கடைசிப் படிக்கு ஏற்றினார். பின் டயருக்கு 32 காற்று அடிக்கச் சொன்னார். அவ்வளவுதான். அதன் அருமை மலையில்தான் தெரிந்தது.

வண்டி 2016ஆம் ஆண்டு பல்சர் 150. இதற்கு இப்போது என்ன விமர்சனம் என்று கேட்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசு 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தது. இடையில் எங்களைப் போன்றவர்கள் இருந்த வண்டியையே தட்டிக்கொட்டி ஓட்டினோம். புது வண்டியைப் பற்றி எழுத ஆளுண்டு. சுமையோடு மலையேறும் பழைய வண்டியைப் பற்றி யாராவது எழுதத்தானே வேண்டும்?

2025 ஓகஸ்டில் புறப்பட்டோம். கண்டியிலிருந்து திகன, தெல்தெனிய வழியாக ஹுன்னஸ்கிரிய, அங்கிருந்து இடப்பக்கம் திரும்பி மீமுரே. பிறகு திரும்பி வந்து பதினெட்டு வளைவில் இறங்கி மகியங்கனை. மூன்று நாளில் 220 கிலோமீற்றர் சொச்சம். சமவெளிக்காரர்கள் சிரிப்பார்கள்; நக்கிள்ஸ் மலைப்பக்கம் ஒரு தடவை வந்து பார்க்கட்டும்.

தெல்தெனிய வரை எல்லாம் சுகம். ஹுன்னஸ்கிரியவில் ஏற்றம் கூடக்கூட ஹேண்டில் லேசாகிக்கொண்டே வந்தது. வளைவில் முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடுவது போல ஒரு பயம். குற்றம் எங்களுடையது. டென்ட், தண்ணீர், அரிசி, அடுப்பு எல்லாவற்றையும் நண்பனின் முதுகுக்குப் பின்னால் குறுக்காகக் கட்டியிருந்தோம். அந்தச் சுமை பின் அச்சையும் தாண்டி வெளியே தொங்கியது. நெம்புகோல் கணக்குத்தான்: பின்பக்கம் அமுங்க, முன்பக்கம் மிதக்கும். லூல்வத்தைக்கு முன் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி எல்லாவற்றையும் அவிழ்த்தோம். தண்ணீரும் அடுப்பும் ஒரு பையில் டேங்க் மேல் ஏறின. அரிசியும் டின் மீனும் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கின. வால் பக்கத்தில் டென்டும் படங்கும் மட்டும். கட்டியது பழைய டியூப் ரப்பரால். கடையில் வாங்கிய கொக்கி போட்ட வலை முதல் பள்ளத்திலேயே கழன்றுவிட்டது. சுமையை இப்படி மாற்றிக் கட்டிய பிறகு பார்த்தால் வேறு வண்டி!

கோபெட்ஸ் கேப்பைத் தாண்டி இறங்கும் பாதையில் கல் துருத்திக்கொண்டு நிற்கும். பல்சரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் 165 மில்லிமீற்றர்தான் இடைவெளி. இருவர் ஏறினால் அதிலும் குறையும்.

"மச்சான், நா எறங்கி நடக்கவா?"

"எறங்கு. அந்த டேங்க் பையையும் தூக்கிக்கோ."

மூன்று இடங்களில் நடந்தான். அட்டை கடித்தது அவனைத்தான். எனக்கு ஒன்றுமில்லை என்பதை இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

மீமுரேயில் ஒருவருடைய வயலோரத்தில், காசு கொடுத்து டென்ட் போட்டோம். காட்டுக்குள் நினைத்த இடத்தில் போட முடியாது. நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனம், 2010 முதல் உலக மரபுரிமைப் பிரதேசத்தின் ஒரு பகுதியும்கூட. டென்ட் 'இருவருக்கு' என்று எழுதியிருந்தது. அந்த இருவரும் சிறுவர்கள் போலும். குளிருக்குப் பயந்து ஜன்னல் வலையையும் மூடிப் படுத்தோம். விடியும்போது இருவர் மூச்சும் துணியில் நீராகி முகத்தில் சொட்டியது. மழை பெய்கிறதென்று வெளியே ஓடிப் பார்த்தால், லக்கேகல மலை பளிச்சென்று வெயிலில் நிற்கிறது. இரண்டாம் இரவு மேல் வலையைத் திறந்து வைத்தோம். கொஞ்சம் குளிர்ந்தது, துணி காய்ந்திருந்தது.

பதினெட்டு வளைவு இறக்கம்தான் உண்மையான சோதனை. எங்கள் மாடலில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பாரத்தோடு பின் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடி குறையும். எந்தக் கம்பனி டிரம்முக்கும் இதுதான் விதி. இரண்டாம் கியரிலேயே விட்டு, எஞ்சினை இழுத்துப் பிடிக்கவிட்டு, வளைவுக்கு முன்னால் மட்டும் இரு பிரேக்கையும் சேர்த்துத் தொட்டேன். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. ஒதுங்கி வழிவிட்டேன். கீழே இறங்கி டிரம் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சூடுதான், ஆனால் கருகல் வாசம் இல்லை.

பெற்றோல் ஐந்தரை லீற்றர் குடித்தது, அதாவது லீற்றருக்கு 40 கிலோமீற்றர். 2022இல் கியூஆர் அட்டையைக் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் வாங்கிய காலத்தில் இந்தப் பயணத்தை நினைத்தே பார்த்திருக்க மாட்டோம். டேங்க் 15 லீற்றர் கொள்ளும், அதனால் மீமுரேயில் கவலையில்லை. இருக்கையை மட்டும் என்னால் புகழ முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. அது சீட்டின் குறையா, எங்கள் வயதின் குறையா என்று தீர்மானமாகவில்லை.

திரும்பி வந்ததும் பாஸ் செயினை இறுக்கி, பின் பிரேக் ஷூ மாற்றினார். நண்பன் கராஜ் வாசலில் நின்று போனில் புது வண்டிகளின் விலை பார்த்துக்கொண்டிருந்தான். விலையைப் பார்த்துவிட்டு, ஷொக்கைப் பழைய படிக்கு இறக்க வேண்டாம், அடுத்த மாதம் ரிவர்ஸ்டன் போகலாம் என்றான்.