பலகையின் முன் மூவர்

சதுரங்கத்தில் பகடை இல்லை. சீட்டாட்டத்தில் தோற்றவன் கைக்கு வந்த சீட்டைப் பழிக்கலாம். தாயத்தில் தோற்றவன் விழுந்த எண்ணைப் பழிக்கலாம். சதுரங்கத்தில் தோற்றவனுக்கு அந்தப் புகலிடம் கிடையாது. இருவருக்கும் காய்கள் சமம்; பலகையோ இருவர் கண்முன்னும் திறந்து கிடக்கிறது. ஆகவே முன்பின் அறியாத இருவர் வெல்லும் நம்பிக்கையோடு பணம் வைத்து இவ்வாட்டத்திற்கு அமர்வார்களாயின், அவர்களில் ஒருவராவது தம் திறமையைத் தவறாக எடைபோட்டிருக்கிறார் என்றோ, மற்றவர் தம் திறமையை மறைத்திருக்கிறார் என்றோதான் கொள்ள வேண்டும். இந்த எளிய உண்மையை உள்ளடக்கிய நெடுங்கதை ஒன்று உண்டு. ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டீஃபன் ஸ்வைக் ஜெர்மன் மொழியில் எழுதிய ‘சதுரங்கக் கதை’யே அது.

ஸ்வைக் 1881இல் வியன்னாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். நாஜிகளின் எழுச்சியால் நாடிழந்து அலைந்து, 1942 பிப்ரவரியில் பிரேசில் நாட்டின் பெட்ரோபோலிஸ் நகரில் மனைவியுடன் உயிரை மாய்த்துக்கொண்டார். இக்கதை அவருடைய இறுதி மாதங்களின் படைப்பு. அவர் மறைந்த பின்னரே, அதே ஆண்டில், நூலாக வெளிவந்தது. இதனால் போலும், இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நாஜிச் சிறையில் வாடிய டாக்டர் பி. என்ற பாத்திரத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். அது நியாயமே. எனினும் நான் இங்கே பேச விரும்புவது கதையில் கைமாறும் பணத்தைப் பற்றி.

நியூயார்க்கிலிருந்து புவெனஸ் ஐரிசுக்குச் செல்லும் கப்பலில் உலகச் சாம்பியன் மிர்க்கோ செந்தோவிச் பயணம் செய்கிறார். டான்யூப் நதியின் ஏழைப் படகோட்டி ஒருவரின் மகன். தந்தையை இழந்தபின் ஊர்ப் பாதிரியார் ஒருவரால் வளர்க்கப்பட்டவர். ஒரு வாக்கியத்தைக்கூடப் பிழையின்றி எழுத வராது. அதே கப்பலில் கலிபோர்னியாவின் எண்ணெய்க் கிணறுகளில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர் மெக்கானரும் இருக்கிறார். தோற்றால் உடனே மறு ஆட்டம் கேட்பவர். தோல்விக்குப் பக்கத்து அறையின் இரைச்சலைக் காரணம் காட்டுபவர். இத்தகையோரை நாமெல்லாம் சந்தித்திருக்கிறோம். எங்கள் தெருவிலும் ஒருவர் இருந்தார். அவர் தோற்ற நாளிலெல்லாம் விளக்கு மங்கலாகவே எரிந்தது!

மெக்கானர் சாம்பியனை ஆட அழைக்கிறார். ஆட்டமொன்றுக்கு 250 டாலர் என்று விடை வருகிறது. மெக்கானர் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார்.

சதுரங்கம் என்றதும் நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழும். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இதனை மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தினார்கள். வேறு இமாம்கள் இன்னும் கடுமையாகத் தடுத்தார்கள். பணயம் வைத்து ஆடுவது ஹராம் என்பதில் மட்டும் அவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இக்கதையில் வரும் 250 டாலர் பணயமாகாது. வென்றாலும் தோற்றாலும் சாம்பியனுக்குச் சேர வேண்டிய கூலி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் கஃபே டி லா ரெஜான்ஸில் கீஸெரிட்ஸ்கி என்ற வல்லுநர் மணிக்கு ஐந்து பிராங்க் வாங்கிக்கொண்டு வந்தவர்களோடு ஆடினார். செந்தோவிச்சும் அந்த மரபினரே. தம் பலத்தை மறைத்து அந்நியனை வலையில் வீழ்த்துகிறவரல்லர். விலையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

ஸ்வைக்கோ இவரை இழித்துப் பேசுவதில் ஓயவில்லை. பேராசைக்காரர் என்கிறார், சோப்பு விளம்பரத்திற்குத் தம் படத்தை விற்றவர் என்று நகைக்கிறார். இங்கேதான் நான் ஆசிரியருடன் முரண்பட நேர்கிறது. கதை சொல்பவரே என்ன செய்கிறார்? சாம்பியனை நெருங்குவதற்காகத் தம் மனைவியுடன் பலகையின் முன் அமர்ந்து, பறவை பிடிப்பவன்போல் ஆட்டத்தையே கண்ணியாக விரிக்கிறார். உள்நோக்கத்தை மறைத்து ஆடுபவர் படித்தவர். வெளிப்படையாக விலை கூறுபவர் படகோட்டியின் மகன். முன்னவரைச் சாமர்த்தியசாலி என்றும் பின்னவரைக் கீழ்மகன் என்றும் நாம் ஏற்க வேண்டுமாம்! மெக்கானருக்கு எண்ணெய்ப் பணம் இருக்கிறது. டாக்டர் பி.யோ மடாலயங்களின் சொத்துகளையும் அரச குடும்பத்தின் சொத்துகளையும் நிர்வகித்த வழக்கறிஞர். ஆட்டத்தால் வயிறு வளர்க்க வேண்டியவர் மூவரில் ஒருவரே. செந்தோவிச்சை நாஜி முரட்டு வலிமையின் உருவகமாகக் காண்போர் உண்டு. அந்த உருவகத்திற்கு ஓர் ஏழையின் கல்லாமையைச் சான்றாக்குவது எனக்கு உவப்பாயில்லை.

ஆயினும் ஸ்வைக்கின் கலை ஓங்கி நிற்கும் இடம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மெக்கானரும் நண்பர்களும் கூடி ஆடும் இரண்டாம் ஆட்டத்தில் அவர்களுடைய சிப்பாய் ஒன்று இறுதிக் கட்டத்தை எட்டி ராணியாகும் நிலை வருகிறது. இவ்வளவு எளிதாகவா என்று எல்லோருக்கும் ஐயம். பொறி எங்கே என்று தேடுகிறார்கள், தென்படவில்லை. தென்படாததால் பொறியே இல்லை என்று முடிவு செய்கிறார்கள். மெக்கானரின் கை காய்மீது படும்போது, ஓர் அந்நியர் அவர் கரத்தைப் பற்றித் தடுக்கிறார். அவரே டாக்டர் பி. அவர் சொற்படி ஆடி அவர்கள் சமநிலை காண்கிறார்கள்.

இந்த டாக்டர் பி. தம் பலம் அறியாதவர். வியன்னாவின் ஹோட்டல் மெட்ரோபோலில் தனி அறையில் அடைக்கப்பட்டு, திருடிய நூலொன்றிலிருந்த 150 ஆட்டங்களை மனனம் செய்து, பின்னர் தமக்குத் தாமே எதிரியாகி ஆடி மூளை கலங்கியவர். தாம் அங்கே ஆடியது சதுரங்கமா, பித்தமா என்றறியவே சாம்பியனுடன் ஆட இசைகிறார். ஒரே ஆட்டம் என்பது நிபந்தனை. அதில் வெல்கிறார். இன்னொன்று ஆடலாமா என்று சாம்பியன் கேட்டதும் நிபந்தனை பறந்துவிடுகிறது. தோற்று எழ முடியாத மெக்கானருக்கும் வென்றும் எழ முடியாத இவருக்கும் அந்த நொடியில் என்ன வேறுபாடு? செந்தோவிச் எதிரியின் பொறுமையின்மையைக் கண்டுகொள்கிறார். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தமக்குரிய பத்து நிமிடங்களையும் எடுத்துக்கொள்கிறார். டாக்டர் பி. தகிக்கிறார், பலகையில் இல்லாத ஆட்டமொன்றை மனத்தில் ஆடி, இல்லாத ‘செக்’கைக் கூவுகிறார். கதை சொல்பவர் அவர் கையிலுள்ள பழைய தழும்பைத் தொட்டு நினைவூட்டிய பிறகே தெளிந்து, மன்னிப்புக் கேட்டு விலகுகிறார்.

கடைசியாக எழுபவர் செந்தோவிச். பாதியில் நின்ற ஆட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தாக்குதல் அப்படியொன்றும் மோசமில்லை என்றும், தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாத ஒருவருக்கு இது அரிய திறமை என்றும் சொல்கிறார். இதைச் செருக்கு என்று வாசிப்போர் உண்டு. எனக்கோ, அந்தக் கப்பலில் ஒருவர் மற்றொருவரின் பலத்தைச் சரியாக அளந்து சொன்ன ஒரே இடமாக இது தோன்றுகிறது.