கான் அகாடமியின் நிரல் பாடமும் நாலு எண்களும்

புதுசா நிரல் கத்துக்கிறவங்களுக்கு ஒரு தளம் கட்டிட்டு இருக்கேன். முன்மாதிரி, கான் அகாடமி 2012 ஆகஸ்டில் வெளியிட்ட பாடம். ஜேக்வரியை உருவாக்கிய ஜான் ரெசிக் முன்னின்று செய்தது. இடப்பக்கம் நிரல், வலப்பக்கம் படம். எண்ணை மாற்றினால் படம் அந்த நொடியே மாறும். எதையும் நிறுவ வேண்டாம், அதற்கே கும்பிடலாம்.

ஆனால் அதற்குத் தூண்டுதலாக இருந்த பிரெட் விக்டரே அடுத்த மாதம் நீண்ட கட்டுரை எழுதிக் குறை சொன்னார். 'எலிப்ஸ்' கட்டளைக்குள் நாலு எண்கள். எது இடம், எது அகலம்னு திரை சொல்வதில்லை என்பது அதில் ஒன்று. எனக்கு அப்போ அது அதிகப்படியாகத்தான் பட்டது.

போன வாரம் அக்கா மகன் என் தளத்தில் அரை மணி நேரம் எண்களை இழுத்து விளையாடினான். பிறகு வெற்றுப் பக்கத்தைக் கொடுத்து, ஒரு வட்டம் போடுடா என்றேன். "முதல்ல எந்த நம்பர் மாமா?" என்றான்.

விக்டர் ஜாவாஸ்கிரிப்ட் மொழியையே குறை சொல்வதை மட்டும் ஏற்க மாட்டேன். உலாவியில் உடனே ஓடுவது அதுதானே? மற்றபடி அவர் சொன்னது சரி. இப்போ ஒவ்வொரு எண்ணுக்கு மேலேயும் தமிழில் பெயர் போடுறேன். 'அகலம்' மட்டும் பெட்டிக்குள் அடங்க மாட்டேங்குது.