காசிப்பும் வம்பும்

சொற்கள் பிறந்தபோது பெற்ற பொருளோடே என்றும் வாழ்வதில்லை. முன்னர் நறுமணத்தையும் சுட்டிய ‘நாற்றம்’ இன்று தீய மணத்துக்கே உரியதாகிவிட்டது. வீண்பேச்சைக் குறிக்கும் ‘காசிப்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அவ்வாறு இழிபொருள் எய்தியதே.

அதன் பிறப்புப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. மதுக்கடைக்குப் போய்ச் சிறிது பருகி, மக்கள் பேசுவதை அறிந்துவர அரசியலார் ஆளனுப்பினராம். ‘கோ சிப்’ என்ற அக்கட்டளையே ‘காசிப்’ ஆயிற்றாம். இதற்குச் சான்று ஏதுமில்லை. வம்பைக் குறிக்கும் சொல்லைப் பற்றியே எழுந்த வம்பு இது!

உண்மை வேறு. பழைய ஆங்கிலத்தில் ‘காட்’ என்பது கடவுள். ‘சிப்’ என்பது உறவு. குழந்தையின் திருமுழுக்கில் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோரை இக்கூட்டுச்சொல் குறித்தது. பின்னர் நெருங்கிய நண்பரையும், மகப்பேற்றின்போது துணையிருந்த பெண்டிரையும் சுட்டியது. 16ஆம் நூற்றாண்டில் ஊர்க்கதை பேசுவோரையும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பேச்சையும் குறிக்கலாயிற்று. உறவின் பெயர் வசைப்பெயரானது. பெண்கள் கூடிப் பேசுவதை இகழ்ந்த மனப்போக்குக்கும் இதில் பங்குண்டு எனல் தகும்.

தமிழ் ‘வம்பு’ வேறு வழியில் வந்தது. தொல்காப்பிய உரியியல் இதற்கு நிலையின்மை எனப் பொருள் உரைக்கிறது. காலமல்லாக் காலத்துப் பெய்து ஓயும் மழை ‘வம்பமாரி’ எனப்பட்டது. நிலையற்றதைச் சுட்டிய சொல், இன்று வீண்பேச்சையும் சண்டையையும் குறிக்கிறது.

ஆதலின் ‘காசிப்’ வருமிடமெல்லாம் ‘வம்பு’ என்றெழுதுவது சாலாது. தலைவன் தலைவியரின் காதலைப் பற்றி ஊரார் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். அது பலரறியப் பரவினால் அலர். அலர் காதலரை வருத்தினும் திருமணத்தை விரைவுபடுத்தவும் உதவும். திருக்குறளும் புறங்கூறாமை, பயனில சொல்லாமை, அலரறிவுறுத்தல் என மூன்று தனி அதிகாரங்களை வகுத்துள்ளது. ஒருவர் இல்லாதவிடத்து அவரைப் பழித்தல் வேறு. பயனின்றிப் பேசுதல் வேறு. ஊர்வாயில் காதல் படுதல் வேறு என்பது இதனால் விளங்கும்.

இவ்வேறுபாடு செமினி போன்ற ஊர்களில் பயிலும் மாணவர்க்கு இன்றியமையாதது. பால்மரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட வட்டாரம் அது. அன்றைய தோட்ட வாழ்வில் குழாயடியிலும் லயத்து வாசலிலும் பெண்கள் பேசியதில் வெறும்பேச்சும் புறங்கூறலும் இருந்திருக்கலாம். ஆயினும் யார் வீட்டில் நோய், எந்தத் தோட்டத்தில் வேலை, எவ்விடத்தில் நல்ல சம்பந்தம் என்னும் செய்திகளும் அவ்வழியே சென்றன. அத்தனையையும் வம்பென்று எழுதும் மாணவன், தன் பாட்டிமார் ஒருவர்க்கொருவர் துணைநின்ற வரலாற்றையும் ஒருசேரத் தள்ளிவிடுகிறான்.

எனவே மொழிபெயர்ப்புப் பாடத்தில் அகராதியைப் புரட்டுமுன் மூன்று வினாக்களை எழுப்பக் கற்பித்தல் ஆசிரியர் கடன்: பேசுவோர் யார்? யாரைப் பற்றிப் பேசுகின்றனர்? அதனால் விளைவது யாது? விடைக்கேற்ற சொல் தமிழில் உண்டு. தேடுவார்க்கு அது கிட்டும்.