அமிலம் அரித்த கோடு

செப்புத்தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அமிழ்த்தும் ‘எச்சிங்’ முறையில் ஓவியர் இழுத்த கோடே பள்ளமாகி மையைத் தாங்குகிறது. பழைய தமிழ்ப் பத்திரிகைக் கதைகளுக்குப் படம் அச்சிட்ட ‘லைன் பிளாக்’ என்னும் துத்தநாகத் தகட்டிலோ சுற்றியுள்ள வெற்றிடம் அரிக்கப்பட்டுக் கோடு மேடாக எஞ்சுகிறது. எழுத்தாளர் கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ தொடர்கதைக்கு ஓவியர் மணியம் தீட்டிய கறுப்பு வெள்ளைச் சித்திரங்களை இந்தக் கண்ணோடு பார்ப்பது தகும்.

லைன் பிளாக்குக்குச் சாம்பல் நிறம் தெரியாது. ஆகவே ஒளிநிழலின் படிநிலையாகிய சாயல் முழுவதையும் கோடுகளின் நெருக்கமும் தடிப்பும் குறுக்குப் பின்னலுமே தர வேண்டியிருக்கிறது. புள்ளிகளால் சாம்பலைக் காட்டும் ‘ஹாஃப்டோன்’ மலிவுத் தாளில் மை பரவிக் கலங்கிவிடும் (அந்தக் கலங்கலை மென்மை என்று மயங்குவோரும் உண்டு), கோடு கலங்குவதில்லை. நிழலை வெறுமனே நிரப்பும் கோட்டைவிட, ஆடையின் மடிப்போடு வளைந்து உடலின் திரட்சியையும் சேர்த்துச் சொல்லும் கோடே உயர்ந்தது. அதனினும் அரிது, தீவட்டியின் வெளிச்சத்துக்காகத் தாளை வெறுமையாக விட்டுவைக்கும் துணிவு.