உறவின் முறிவும் அகத்திணை மரபும்
பேகன் பாடல்களை முன்வைத்து ஒரு நோக்கு

அகத்திணை மரபை உளவியலோடு இணைத்துப் பேசுவது தமிழ்த் திறனாய்வில் நெடுநாளாக வழங்கிவரும் பழக்கமாகும். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய ஐந்து உரிப்பொருள்களும் ஆண் பெண் உறவின் முழு வாழ்க்கையையும் அளந்துவிட்டன என்றும், மேனாட்டார் இன்று கண்டறிவதைப் பண்டைத் தமிழர் அன்றே கண்டுவிட்டனர் என்றும் விழா மேடைகளிற் கூறப்படுவதுண்டு. பெருமித உணர்ச்சியைச் சற்றே ஒதுக்கிவிட்டு நோக்கினால் இவ்வைந்தினுள் ஒன்று விடுபட்டிருப்பதை அவதானிக்கலாம். உறவு தோன்றுவதற்குத் திணை உண்டு. நிலைப்பதற்கும், இடையிலே தடைப்படுவதற்கும் திணை உண்டு. உறவு முடிந்துபோவதற்குத் திணை இல்லை.

பாலைக்குரிய பிரிவு முடிவன்றோ எனக் கேட்கப்படலாம். அன்று. பொருள் தேடிச் செல்பவன் மீள்வான் என்பது அப்பிரிவின் உள்ளுறைந்த நிபந்தனை. முல்லையின் இருத்தல் அந்நிபந்தனையை நம்பி இருப்பது. நெய்தலின் இரங்கல் அது பொய்த்துவிடுமோ என்று கலங்குவது. மருதத்தின் ஊடலோ கூடலை நோக்கியே செல்கிறது. பரத்தையிடமிருந்து மீளும் தலைவனுக்காகத் தோழி, பாணன், விருந்தினர் முதலியோர் வாயில்களாக வந்து நிற்பர். தொல்காப்பியம் கற்பியலில் இத்தகைய வாயில்கள் பன்னிருவரைக் கூறுகிறது. பன்னிருவரும் சேர்த்து வைப்பதற்கே உளர். பிரித்து வைப்பதற்கு ஒருவரும் இலர்.

உறவைப் பேணுவதன் உளவியலில் இம்மரபு நுட்பமானது என்பதை மறுப்பதற்கில்லை. அமெரிக்க உளவியலாளர் கரில் றஸ்பல்ற் 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுகளில், ஒருவர் ஓர் உறவில் நிலைத்திருப்பதை அவ்வுறவு தரும் நிறைவு மாத்திரம் தீர்மானிப்பதில்லை என்று காட்டினார். வேறு வழி உண்டா என்பதும், இதுவரை இவ்வுறவில் இட்டுவைத்தவை எவை என்பதும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன. மருதத் தலைவி ஏன் வாயில் நேர்கிறாள் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் தேவையில்லை. புதல்வனே வாயிலாக அமையும் பாடல்களை நினைத்துப் பார்க்கலாம். மகன் தந்தையின் சாயலோடு தெருவில் விளையாடுகிறான். தலைவியின் சினம் தளர்கிறது. அவள் அவ்வுறவில் இட்டுவைத்தவற்றுள் திரும்பப் பெறமுடியாதது அவன்தான். ஆயினும் றஸ்பல்ற்றின் கருத்துகள், விரும்பினால் விலகக்கூடிய பல்கலைக்கழக மாணவரின் காதலுறவுகளை ஆராய்ந்து உருவானவை. மருதத் தலைவிக்கு 'வேறு வழி' என்ற கணக்கே இல்லை. அவளது பொறுமையைத் தனிமனித உளப்பண்பாக மட்டும் விளக்கும் திறனாய்வு, அவளைச் சூழ்ந்திருந்த சமூகத்தைக் காணத் தவறிவிடுகிறது.

முடிந்துபோன உறவு அக்காலத்தில் இல்லாதிருந்திருக்க முடியாது. அது எங்கே போயிற்று? அகத்திணைத் தொகைகளில் தேடியவர்க்குக் கிடைக்காத அது புறநானூற்றிலே இருக்கிறது. 143ஆம் பாட்டு முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களும் வையாவிக் கோப்பெரும் பேகன் தன் மனைவியைத் துறந்தமை பற்றியவை. பாடியோர் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வர். பரணர் பாடியன இரண்டு. குறிஞ்சிப் புணர்ச்சியைப் பாடுவதில் இணையற்றவர் எனப்படும் கபிலரே இங்கு முறிவையும் பாடுகிறார் என்பது கவனிக்கத்தக்கது. பெயரற்ற காதலரின் கூட்டத்தை அகத்தில் வைத்த அதே கை, பெயருடைய ஒருவனின் கைவிடலைப் புறத்தில் வைக்கிறது. அகத்தில் ஒருவர் பெயர் சுட்டப்படலாகாது என்பது இலக்கண விதி. அவ்விதி காதலைப் பொதுமையாக்கியது என்று பாராட்டப்படுகிறது. உறவை முறித்த ஒருவனை அகப்பாட்டில் நேர்நின்று கேள்வி கேட்க முடியாதவாறு செய்ததும் அவ்விதியே.

நான்கு புலவரும் இங்குச் செய்வது வாயில்களின் தொழிலே. மயிலுக்குப் போர்வை ஈந்தவன் என்ற புகழை நினைவூட்டியே பரணர் தொடங்குகிறார். பசியால் வரவில்லை, தாங்கவேண்டிய சுற்றமும் இல்லை, அவன் இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே வேண்டும் பரிசில் என்கிறார். அரிசில் கிழாரும் செல்வத்தை வேண்டாது, அவள் கூந்தல் மீண்டும் நறும்புகை ஏற்று மாலை சூடுவதையே கேட்கிறார். அக்கூந்தலுக்கு அவர் கூறும் உவமை மயிற்றோகை. மயில் குளிரில் வாடுமென்று இரங்கியவனுக்கு அவ்வுவமை எப்படிக் கேட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். பரிசில் கேட்கும் மரபையே நியாயம் கேட்கும் கருவியாக மாற்றிய இத்துணிவு சங்கப் பாடல்களுள் மிக அரியது.

1982இல் ஸ்டீவ் டக் என்பார் உறவுகள் கலையும் முறையை நான்கு கட்டங்களாக வகுத்தார். முதலில் ஒருவர் தம் மனத்துள் குறைகளை எண்ணிப் பார்ப்பர். பின் இருவரும் பேசுவர். பின் செய்தி ஊரறிய, உற்றார் தலையிடுவர். இறுதியில் நடந்ததற்கு ஒரு கதை புனைந்து உறவைப் புதைப்பர். பேகன் பாடல்களில் மூன்றாவது கட்டம் மட்டுமே உண்டு. பேகன் ஏன் விலகினான் என்று எப்புலவரும் அவன் உள்ளத்தைத் துருவவில்லை. கணவனும் மனைவியும் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. உறவு என்பது இருவருக்கிடையே நிகழ்வது என்பதனினும் ஊருக்கும் அரசனுக்கும் இடையே நிகழ்வது என்ற கருத்து இங்கு மேலோங்கி நிற்கிறது. இதனைக் குறையென்று கூறிவிடவும் இயலாது. கைவிடப்பட்ட ஒருத்திக்காக நான்கு புலவர் அரசனது முற்றத்தில் நிற்க முடிந்தது அக்கருத்தினாலேயே.

அவள் நிலையைக் காண்பதற்கு ஒரே ஒரு வாயிலே திறந்திருக்கிறது: பரணரின் 144ஆம் பாட்டு. யாழிசைத்துப் பாடியபோது அழுதவளிடம், அவள் அவனுக்கு உறவோ என்று வினவப்படுகிறது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தாம் அவன் கிளைஞர் அல்லர் என்கிறாள். தன்னைப் போன்ற ஒருத்தியை விரும்பி அவன் நாள்தோறும் வேற்றூர் வருவதாகச் சொல்கிறார்கள் என்கிறாள். தாயைப் பிரிந்த குழந்தைகளை ஆராய்ந்த ஜோன் போல்பி, பிரிவுத் துயரை எதிர்ப்பு, கையறவு, பற்றறுதல் என மூன்று படிகளாகக் கண்டார். மூன்றாவது படியிலுள்ள குழந்தை மீண்டுவந்த தாயை அறியாதது போல் முகந்திருப்பும். அம்முகந்திருப்பல் அன்பு அற்றதன் அடையாளம் அன்று. அன்பைத் தாங்க இயலாமையின் காப்பு என்பது போல்பியின் விளக்கம். முதலிரண்டு படிகளையும் அகமரபு ஆயிரம் முறை பாடியிருக்கிறது. மூன்றாவதன் குரல் இந்த ஓரிடத்திலே கேட்கிறது. வாய் உறவை மறுக்கிறது, கண் மறுக்கவில்லை. 'தலைவி' என்ற பொதுப்பெயரின் கீழ் வந்த எவளுக்கும் இச்சொல்லைச் சொல்ல இடமிருந்ததில்லை.

இக்குரலை மரபு எங்ஙனம் ஏற்றது என்பதைப் பாடல்களின் கீழுள்ள கொளுக்கள் காட்டுகின்றன. அவை பாடல்களுக்குப் பிற்பட்டவை. அவற்றில் இப்பாடல்கள் பெருந்திணையாக, குறுங்கலித் துறையாக வகுக்கப்பட்டுள்ளன; அதாவது பிற மகளிர்பாற் செல்லும் வேட்கை ஒழியுமாறு எடுத்துரைப்பது. துறை ஆணின் வேட்கையைப் பற்றியதேயன்றி, பெண்ணின் இழப்பைப் பற்றியதன்று. இன்னும் வியப்பானது, 143ஆம் பாட்டுக்குத் தாபத நிலையும் ஆகும் என்று ஒரு மாற்றுத் துறை கூறப்படுவது. தாபத நிலை கணவனை இழந்தாள் நோன்பிருப்பது. பேகன் உயிரோடிருக்கிறான், பக்கத்து ஊருக்குத் தேரோட்டிச் செல்கிறான். எனினும் கொளு எழுதியவர், துறக்கப்பட்டவளுக்குரிய சொல்லைத் தேடி, கைம்மையின் சொல்லையே கண்டெடுத்தார். அவர் பிழை செய்தார் எனல் எளிது. அவர் கையில் வேறு சொல் இருக்கவில்லை என்பதே உண்மைக்கு அண்மையானது. பல நூற்றாண்டுகளின் பின் சேக்கிழார் காரைக்காலம்மையாரின் மணவாழ்வு முடிந்ததைப் பாடநேர்ந்தபோதும், கணவன் நீங்கிய பெண் தன் ஊனுடலையே உதறிப் பேய்வடிவு கொள்ள நேர்ந்தது.

பேகன் தேரேறினானா என்பதைப் புறநானூறு கூறவில்லை. அவன் பெயர் பாட்டினுள் விளியாக ஒலிக்கிறது. கண்ணகி என்ற அவள் பெயரோ கொளுவில் மாத்திரமே இருக்கிறது, 'துறந்த' என்ற அடைமொழியோடு.